மொட்டைமாடியில் ஒரு பூசணிக்கன்று

என் செல்லக் கழுதைக்கு,

முளைத்துவிட்டது! உன் உர வாளியில் இரண்டு இலையோடு ஒரு பூசணிக்கன்று! பாதி சவரத்தில் ஒருவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, கடையிலிருந்து ஓடிவந்து இன்னொரு தரம் பார்த்தேன்.

ஆமாம், அதே வாளிதான். நாறுகிறதென்று நான் தெருவில் வீசினேனே, நீ கிளம்பிப் போன அன்றைக்கு. அந்தப் பேச்சு இப்போது எதற்கு? விளிம்பில் ஒரு விரிசல், அவ்வளவுதான்.

முதலில் சொதப்பினேன். தலைமுடியும் மக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, காய்கறித் தோலோடு கடையில் வெட்டிய முடியையெல்லாம் கொட்டிவிட்டேன். ஒரு மாதமாகியும் அப்படியே கிடந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கு வகிடு எடுத்துச் சீவியும் விட்டுருங்க" என்றாள். பிறகு எல்லாவற்றையும் அள்ளி எறிந்துவிட்டு, நீ சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாயே, அதன்படி தோலுக்கு மேல் காய்ந்த சருகு போட்டேன். நாற்றம் போன இடம் தெரியவில்லை! இப்போது எதிர்வீட்டுக்காரரும் தோலோடு படியேறி வருகிறார்.

"அவள வரச்சொல்லி எழுதுங்களேன்" என்கிறாள் அம்மா. அப்படியெல்லாம் நான் எழுதமாட்டேன். காய்க்க மூன்று மாதம் ஆகுமாம். முதல் காயை யாரும் தொடக்கூடாது என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

வாளிக்குக் காவலாக,
அப்பா