உன் குரலின் மேல் நான் பேசியது

நாற்றுப் பறிக்கிற அன்று மட்டும் வயிற்றுவலி வந்து படுத்துக்கொள்ளும் என் செல்லத் தம்பி கலியபெருமாளுக்கு,

நீ வளைகுடாவுக்குப் போனபோது உனக்கு இருபத்து நான்கு. எனக்கு இப்போது பாதித் தலை நரைத்துவிட்டது. இருந்திருந்தால் கிழவி என்று கூப்பிட்டிருப்பாய், உதையும் வாங்கியிருப்பாய்.

போன வாரம் குடவாசலில் நம் வீட்டைத் தேடி ஒரு பெண் வந்தாள். டெல்லியில் மனித உரிமைக்கென்று ஒரு தேசிய மியூசியம் கட்டுகிறார்களாம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் அங்கேயே செத்தவர்களுக்கும் அதில் ஓர் அறை. "உங்க தம்பி பேசி அனுப்பின கேசட் இருக்குன்னாங்களே, தர்றீங்களாம்மா?" என்றாள்.

"அவனா மியூசியத்துல? பள்ளிக்கூடத்துக்குள்ளயே ஒரு நாள் நின்னதில்ல" என்று சிரித்தேன்.

அந்தக் கேசட்டில் நீ இல்லையடா.

அப்போது எல்லா வீட்டிலும் அதுதானே வழக்கம்? நீங்கள் பேசி அனுப்புவீர்கள். கேட்டு முடித்ததும் அதன் மேலேயே எங்கள் பதிலைப் பேசி, அங்கே புறப்படுகிற ஆள் கையில் கொடுத்தனுப்புவோம். நானும் பேசி வைத்தேன். ஆள் புறப்படுவதற்குள் உன்னைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பெண் கேசட்டைப் போட்டாள். என் குரல்தான் வந்தது. "ஏன்டா, இங்க நாத்துக்கட்டு தூக்கச் சொன்னா வயித்துவலி, அங்க கம்பி தூக்கச் சொன்னா மயக்கமா? நடிக்காதடா. ஒழுங்கா ரெண்டு வருசம் முடிச்சிட்டு வா, பொண்ணு பாத்து வச்சிருக்கேன். உன்னைவிடக் கறுப்பு!" அப்புறம் என் சிரிப்பு. எவ்வளவு நேரம் சிரித்திருக்கிறேன்!

"இதுக்கு முன்னாடி அவரு என்னம்மா சொல்லியிருந்தாரு?" என்று கேட்டாள். நான் கேசட்டை எடுத்து உறைக்குள் போட்டேன். தூக்கத்தில் மாரடைப்பு என்று கம்பெனிக்காரன் கொடுத்த காகிதம் இருக்கிறது. வேறு சாட்சி இல்லாவிட்டால் உன் போட்டோவுக்குக் கீழே அதைத்தான் எழுதுவார்களாம்.

நீ சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தபோது தனியாகக் கேட்டேன். "அக்கா, பாஸ்போர்ட்டப் பிடுங்கி வச்சிக்கிட்டான். உச்சி வெயில்ல கட்டடத்து மேல நிக்க வைக்கிறான். தண்ணி கேட்டா அடிக்க வர்றான். ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டேங்க்கா. எப்படியாவது என்னைக் கூப்பிட்டுக்க."

ஏன்டா நான் நம்பவில்லை? ஏஜெண்டு சட்டையைப் பிடித்திருக்கலாம், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கலாம். நீ கெஞ்சிய இடத்தின் மேலேயே சிரித்து வைத்தேன். உன்னைக் கொன்றவர்களில் நானும் ஒருத்தியா? சொல்லேன்டா.

நான் பேசுவதைப் பதிவு செய்ய வியாழக்கிழமை அந்தப் பெண் மறுபடி வருகிறாள். "ஒண்ணும் ஞாபகம் இல்லேன்னு சொல்லிடு. இல்லாட்டி ஊரே காறித் துப்பும்" என்கிறார் உன் அத்தான். துப்பட்டும். பாஸ்போர்ட், வெயில், தண்ணீர், நீ விழுந்தது, கூப்பிட்டுக்கொள் என்று கெஞ்சியது, எல்லாவற்றையும் நீ சொன்ன வரிசையிலேயே சொல்வேன். அதற்கு நான் சிரித்ததையும் சொல்லிக் கேசட்டைக் கொடுத்துவிடுவேன். இனி உன்னைத் தூக்கத்தில் செத்தவன் என்று யாரையும் எழுத விடமாட்டேன்.

அன்று உன்னை நம்பாமல் போன
உன் அக்கா, வசந்தா