கேப்டனுக்கு நேரே நீட்டிய இடது கை

அன்புள்ள அம்மாவுக்கு, நார்வேயிலிருந்து க்வாகு வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு வலது மணிக்கட்டில் லேசான வீக்கம். ஆடுவதற்குத் தடையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆடிய கால்பந்து ஆட்டத்தை நம் குமாசியில் யாராவது டிவியில் காட்டினால் பதறாதீர்கள். நடுக்களத்தில் ஆடுகிறவன்தான் கத்திக் கத்தி எல்லோரையும் நகர்த்த வேண்டும். எங்கள் கேப்டன் ஹோகனோ என்னைவிட மிகவும் மூத்தவர். பெரியவரிடம் எப்படிக் கத்துவது என்று வாயே திறக்காமல் ஆடினேன். "ஊமைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கோச் என்னை அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறக்கியபோது முடிவு செய்துவிட்டேன். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "ஹோகன், பின்னாடி போ" என்று கத்தினேன். இடது கையால் உப்பு வாங்கினாலே அடிப்பீர்களே, உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அவர் ஓடினார், கோல் தப்பியது. பிறகு மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குடா? இன்னும் சத்தமா கத்து" என்றார்.

சனிக்கிழமை ஆட்டத்திலும் கத்துவேன், அம்மா. இந்த இடத்தை விடமாட்டேன்.

செர்வா அக்காவிடம் யாரிடமாவது ஒரு பாட்டில் ஷிட்டோ மிளகாய்த் தொக்கு கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், இங்கே எதிலும் காரமில்லை. பயிற்சிக்குப் பஸ் வந்துவிட்டது. இடது கைக்காக நன்றாகத் திட்டிப் பதில் எழுதுங்கள். நம் பாஷையில் யாரும் என்னைத் திட்டி வெகுநாளாகிறது.

க்வாகு