உன் பெயரில் உன் மாமன் வைத்த ரேகை

மேட்டுக்கொல்லை,
ஜவ்வாது மலை,
4-11-83.

என் பெரியவனுக்கு அம்மா எழுதுகிறேன். ஜபல்பூர் குளிரில் நெஞ்சுச் சளி கட்டாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பா, கடைசிக்குட்டி அம்மாக்கண்ணு, மாடு கன்று எல்லாம் காளியம்மா புண்ணியத்தில் சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வயிறுதான் எரிகிறது, அது மருந்துக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை. சாமை அறுத்துவிட்டோம், மணி நன்றாகப் பிடித்திருக்கிறது. கேழ்வரகுக் கொல்லையைப் பன்றி புகுந்து பாதி உழுதுவிட்டது, உன் அப்பா பரண் மேல் படுத்திருந்தும் தூங்கிப்போய்விட்டார், கேட்டால் பன்றி சத்தமே போடவில்லை என்கிறார். விடுதியில் சமையலுக்குப் போன காலத்தில் டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த எழுத்து இது, கோணலாகத்தான் இருக்கும். இந்த விஷயத்தை இன்னொருத்தரிடம் சொல்லி எழுத முடியாது, அதனால் பொறுத்துக்கொண்டு படி.

உன் கடிதம் வந்தது. மாமாவை விட்டுவிடும்மா, ஊரில் நாலு பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம், வேலை போனால் போகட்டும், நான் வந்து கொல்லையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் அதை அடுப்பில் போட்டேன். உன்னைத் திட்டக்கூடாது என்று ஒரு நாள் தள்ளி இப்போது எழுதுகிறேன். ஊர்ப் பெரியவர்கள் சொல்கிற சமாதானம் ஜபல்பூர் வரைக்கும் வருமா? உன் ஆபீசரிடம் போய், எங்கள் ஊர்க்கவுண்டர் என்னை நல்லவன் என்று சொல்லிவிட்டார் என்பாயா? துப்பாக்கி செய்கிற இடத்தில் போலீஸ் காகிதம் சுத்தமாக வந்தால்தான் வைத்துக்கொள்வார்கள் என்று நீதானே எழுதினாய். போன கடிதத்தில் அவசரத்தில் நாலு வரி எழுதிவிட்டேன், அதனால்தான் உனக்கு உறைக்கவில்லை போலிருக்கிறது. இப்போது முதலிலிருந்து சொல்கிறேன், உட்கார்ந்து படி.

ஆடி மாதம் உன்னைப் பற்றி விசாரிக்க ஒரு போலீஸ்காரர் மலை ஏறி வந்தார். பாவம், வெயிலில் நடந்து வந்திருக்கிறாரே என்று மோர் கொடுத்து, முட்டை இடுகிற கோழியைப் பிடித்து அடித்துக் குழம்பு வைத்தேன். உன் மாமன் சிங்காரம் அன்றைக்கு நம் வீட்டில்தான் கலப்பைக்கு மேழி செதுக்கிக்கொண்டிருந்தான். போலீஸ்காரர் என்னிடம் உன் பெயர் என்ன, உன் அப்பா பெயர் என்ன என்று கேட்டார். நீ உன் தாத்தா பெயரைச் சுமப்பவன். மாமனார் பெயரையும் வீட்டுக்காரர் பெயரையும் நான் எப்படி வாயால் சொல்வேன், சொல்லித்தான் எனக்கு ஏது பழக்கம்? உன் அப்பா கொல்லையில் இருந்தார். அதனால் நானே என் வாயால், தம்பி, நீ போய்ச் சாருக்குப் பதில் சொல்லு என்று அவனை அனுப்பிவிட்டு மசாலா அரைக்க உட்கார்ந்துவிட்டேன். அங்கே பலா மரத்தடியில் அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. போலீஸ்காரர் ஒரு மாதிரி முகத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். பையனுக்கு எல்லாம் நல்லபடியா எழுதுவீங்களான்னு கேட்டதற்கு, பார்க்கலாம்மா என்றார். என் தம்பி இரண்டு தடவை குழம்பு வாங்கி ஊற்றிக்கொண்டான்.

அப்புறம் உன் முந்தின கடிதம் வந்தது. உன் பெயரில் சந்தன மரம் திருடிய கேஸ் இருக்கிறதாம், தண்டனை ஆகி அபராதம் கட்டியிருக்கிறாயாம், ஏன் மறைத்தாய் என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள், தை முடிவதற்குள் பதில் சொல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். என் ரத்தம் கொதித்தது. உன் அப்பாவைக் கூப்பிட்டேன், போலீஸ் வாசலை நான் மிதிக்க மாட்டேன் என்றார். சரி, நீ வூட்ல இரு என்று சொல்லிவிட்டு நானே முதல் பஸ் பிடித்துக் கீழே இறங்கினேன். டேசனில் ரைட்டர் என்னை வெளியே உட்கார வைத்தே பொழுதை ஓட்டப் பார்த்தார். பெயரைச் சொல்லாமல் என் பிள்ளை, என் பிள்ளை என்று சொன்னால் நான் யாரைத் தேடுவது, மலையில் ஆயிரம் பிள்ளை இருக்கு என்று எரிந்து விழுந்தார். நான் எழுந்து நின்று உன் பெயரையும் உன் அப்பா பெயரையும் அந்தக் கூடமே கேட்கும்படி சொன்னேன். என் மாமனார் மேலே இருந்து கேட்டிருந்தால் கேட்டுக்கொள்ளட்டும். அவர் பேரனைத் திருடன் என்று எழுதி வைத்திருக்கும்போது என் நாக்குக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். பழைய காகிதக் கட்டை எடுக்கச் சொல்லி ரைட்டரைப் படிக்க வைத்தார். மலையடிவாரத்தில் சந்தனக் கட்டையோடு பிடிபட்டவன் உன் பெயர், உன் அப்பா பெயர், நம் ஊர் எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். அந்த வருஷம் நீ திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அங்க அடையாளம் என்று ஒன்று படித்தார், வலது முழங்கைக்கு மேல் கரடி பிறாண்டிய மூன்று தழும்பு. அது என் தம்பி கை. அந்தக் காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டியது நான்தானே. அப்போதுதான் அந்த விசாரணைக்கு வந்த போலீஸ்காரரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், இன்னாம்மா இப்போ வந்து இல்லன்ற, உன் கூடப் பொறந்த தம்பிதான் சொன்னாரு, பையன் அறியா வயசுல ஒரு தபா தப்பு பண்ணிட்டான் சார், இப்போ திருந்திட்டான்னு. கேட்டாயா? இல்லை என்று சொன்னால் பின்னே யார் என்று தோண்டுவார்கள், தான் மாட்டுவோம் என்று உன்னைத் திருடனாக்கி, திருந்தினவன் என்று சான்றும் கொடுத்துவிட்டு, என் கோழிக் குழம்பைத் தின்றிருக்கிறான்.

தழும்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, கரடிக் காயம் மலையில் பாதிப் பேருக்கு இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். பிடிபட்டவனின் பத்து விரல் ரேகையும் அப்போதே எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அது அங்கே பத்திரமாக இருக்கிறதாம். உன் ரேகை வந்து அதோடு ஒத்துப் பார்த்து வேறே என்று ஆகிவிட்டால் உன் பெயரை எடுத்துவிடுவார்கள், அப்புறம்தான் உன் மாமன் கையைப் பிடிக்க அவர்களுக்கு வழி. அதனால் உன் விரல்தான் முதலில் வேண்டும். இதோடு இன்ஸ்பெக்டர் கொடுத்த காகிதம் வைத்திருக்கிறேன், அதை அங்கே உன் ஆபீசரிடம் காட்டி, உள்ளூர் டேசனுக்குப் போய்க் கொடு. நீ கடைசல் வேலை செய்கிறவன், இரும்புத் தூளும் எண்ணெயும் பட்டு விரல் தேய்ந்திருந்தால் ரேகை விழாதாம். அதனால் சில நாள் லீவு கேட்டு, ராத்திரி ஆமணக்கெண்ணெய் தடவிக்கொண்டு படு, அரப்புப் போட்டுக் கழுவு. மை தடவி அவர்கள் விரலைப் பிடித்து உருட்டும்போது நீ விறைத்துக்கொண்டு அழுத்தாதே, கையைத் தளர்த்தி அவர்கள் போக்கில் விட்டுவிடு, இல்லாவிட்டால் அப்பிக்கொண்டு திரும்பவும் எடுக்கச் சொல்வார்களாம்.

உன் மாமனுக்கு இது எதுவும் தெரியாது. நான் டேசனுக்குப் போனதை, உன் அப்பாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கப் போனேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தை மாதம் அம்மாக்கண்ணுக்குக் காது குத்துகிறோம் என்று நானே வெற்றிலை பாக்கு வைத்து அவனை அழைத்துவிட்டேன். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே குத்த வேண்டும். பச்சைப் பாவாடை எடுக்கவா, சிவப்பு எடுக்கவாக்கா என்று கேட்கிறான். மலையில் இவனைத் தேடிப் பிடிக்கப் போலீசால் ஆகாது, கானாற்றைத் தாண்டிவிட்டால் காட்டில் கிழங்கு தின்றே மாதக்கணக்கில் இருப்பான். மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தால் எங்கே ஓடுவான்? காது குத்தி முடிந்ததும் குழந்தையை நான் வாங்கிக்கொள்வேன், அப்புறம் அவனைப் போலீஸ் வாங்கிக்கொள்ளட்டும். ஊரே கூடியிருக்க வேண்டும், எல்லார் கண்ணும் பார்க்க வேண்டும். உன் பெயரை அவன் யார் காதும் கேட்காமல் கெடுத்தான், நான் அப்படிச் செய்ய மாட்டேன்.

மாமன் மகள் சாந்தம்மாளை நினைத்துத்தான் நீ தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா. அவள் ஒரு பாவமும் அறியாதவள். அவள் அப்பன் ஜெயிலில் இருந்தாலும் அவளை நான் மருமகளாகக் கூட்டிக்கொண்டு வருவேன், யார் என்ன சொன்னாலும் சரி. ஆனால் திருடன் என்று விரட்டிவிடப்பட்டவனாக நீ திரும்பி வந்து, அதே மாமன் எதிரில் ஏர் பிடித்து, அவன் உனக்குப் புத்தி சொல்லி, அதை நான் பார்த்துக்கொண்டு சோறாக்க வேண்டும் என்றால் அது என்னால் ஆகாது. மலையிலிருந்து இத்தனை தூரம் போய் உத்தியோகம் பார்க்கிறவன் நம் ஊரில் நீ ஒருத்தன்தான். அந்தப் பேரை அவன் தூக்கிக்கொண்டு போகலாமா?

குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள். ராத்திரி வேலை என்றால் வெறும் வயிற்றோடு போகாதே. உன் அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அம்மாக்கண்ணு அண்ணனுக்கு முத்தம் என்கிறாள். காளியம்மா உன் கூடவே இருப்பாள், உன் கை வேலையும் உன் பேரும் நன்றாக விளங்கட்டும்.

ஒன்று மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே லீவு கேள், நாளைக்கு, நாளான்னைக்கு என்று தள்ளாதே. அவன் தினமும் இங்கே வருகிறான். நேற்று சாயங்காலம்கூட வந்து சாமைச் சோறும் அவரைக் குழம்பும் சாப்பிட்டான், நம்ம அம்மா கைப்பக்குவம் உனக்குத்தான்க்கா வந்திருக்கு என்றான். நான் சிரித்துக்கொண்டு இன்னும் ஒரு கை வைத்தேன். அவன் போன பின்னால் தட்டைக் கழுவும்போது அழுகை வந்தது, சும்மா சொல்லவில்லை. சீக்கிரம் ரேகையை அனுப்பு பெரியவனே, நாள் ஆக ஆக நான் திரும்பவும் அவனுக்கு அக்காவாகிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பாஞ்சாலை.