கார் ஷெட் தரை இன்னும் காயவில்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், கார் ஷெட் தரைக்குத்தான் இன்னும் சுகமாகவில்லை. அங்கே நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், போன வாரம் பேசும்போது ஒரு இருமல் சத்தம் கேட்டது, அது நீயா போன் லைனா என்று தெரியவில்லை, நீயாக இருந்தால் வெந்நீர் குடி, லைனாக இருந்தால் விட்டுவிடு. இந்தக் காலத்தில் காகிதமும் பேனாவும் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா உடனே ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், ஒரு மனுஷரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது. அதனால் அவர் பெயிண்ட் கடைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். அங்கே போனால் லேசில் திரும்ப மாட்டார், கடைக்காரர் அவருக்கென்றே ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார், சம்பளம்தான் இன்னும் கொடுக்கவில்லை.

நீ போட்ட உத்தரவு என்ன ஆனது என்று உனக்குத் தெரிய வேண்டாமா, அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன். அப்பா மாடிப்படியில் சறுக்கி உட்கார்ந்தார் என்று கேட்டதும் நீ பதறினாய், அது சரி, பெற்ற பிள்ளை பதறாமல் வேறு யார் பதறுவார்கள். ஆனால் பதறின கையோடு வீட்டை வித்துடுங்க, லிஃப்டும் வாட்ச்மேனும் இருக்கிற அடுக்குமாடிக்குப் போயிடுங்க என்று சொல்லிவிட்டாய். உன் அப்பா தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் உனக்கு எப்படித் தெரியும் என்று கூட அவருக்குத் தோன்றவில்லை, பிறகு நினைவு வந்து சரிப்பா என்றார். இவ்வளவு பெரிய முடிவு எடுத்தபோது நான் எங்கே இருந்தேன் என்று கேட்பாயோ இல்லையோ, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வருவதற்குள் வீடு பாதி விற்றாகிவிட்டது. அடுத்த வாரமே நீ ஏற்பாடு செய்த வீட்டுத் தரகர் வந்தார். நல்ல மனிதர், எப்போதும் சிரித்த முகம், நம் குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்தும் சிரித்தார். கார் ஷெட்டுக்குள் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. நட்ட நடுவில் அந்தக் கறுப்பு எண்ணெய்க் கறை, நீ காலேஜ் படிக்கும்போது ஒரு மோட்டார் பைக் வைத்திருந்தாயே, ஓடினதைவிட ஒழுகினது அதிகம், அது விட்டுப்போன சொத்து. வாங்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், எபாக்ஸி பூச்சு அடித்துவிட்டால் தரை கண்ணாடி மாதிரி பளபளக்கும், அப்புறம் விளம்பரம் கொடுக்கலாம் என்றார். நீயும் அங்கிருந்து ஆமாம் போட்டாய். ஆகத் தரை முடிந்தால் விளம்பரம், விளம்பரம் வந்தால் விற்பனை, விற்றால் நாங்கள் லிஃப்டில் ஏறிப் போய் ஒரு பால்கனியில் உட்கார்ந்துகொள்வது. எல்லாம் உன் அப்பாவின் தேய்க்கும் பிரஷில் வந்து நின்றது.

ஆள் வைத்திருந்தால் அந்த வாரமே முடிந்திருக்கும். ஆனால் உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா, தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து, அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர், ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சேவையை எனக்கு இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறார். பூச்சு அடிக்கிறது ஒண்ணுமே இல்ல, தரையைத் தயார் பண்றதுதான் வேலையே, தரை சரியில்லேன்னா நாலு மாசத்துல தோலு மாதிரி உரிஞ்சு வந்துடும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். முதலில் ஷெட்டில் இருந்ததெல்லாம் ஹாலுக்கு வந்தது. சோபா பக்கத்தில் பழைய டயர், டிவிக்குக் கீழே காலி டப்பாக்கள், வருகிறவர்கள் உட்கார இடமில்லை, டயர்மேல் உட்காரலாம். கார் வெளியே வெயிலில் நிற்கிறது, பறவைகளுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது. பிறகு உன் எண்ணெய்க் கறை. மரத்தூளைக் கொட்டிப் பார்த்தார், சோப்புத் தூளைக் கொட்டித் தேய்த்துப் பார்த்தார், அவர் பிரஷ் தேய்ந்ததும் என் துணி துவைக்கும் பிரஷ் காணாமல் போனது. ஒரு நாள் சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று கத்தினார், மறுபடி விழுந்துவிட்டாரோ என்று அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். பார்த்தால் தரையில் குனிந்து ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முத்து மாதிரி நிக்குது பாரு, உள்ளே இறங்கவே இல்ல, இந்தத் தரையில பூச்சு ஒட்டாது என்றார். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஆசிட். தண்ணீரில் கலந்து ஊற்றினால் சிமெண்டின் மேல்தோல் கரைந்து சொரசொரப்பாகுமாம், அப்போதுதான் பூச்சு பிடிக்குமாம். மழைக் கோட்டு, முழங்கால் வரை பூட்ஸ், உன்னுடைய பழைய நீச்சல் கண்ணாடி, இந்தக் கோலத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார், எதிர் வீட்டு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டில் எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க என்று விசாரித்தார். தரை புசுபுசுவென்று நுரைத்தது. ஒன்றுக்கும் உதவாத டயரை ஹாலில் கொண்டுவந்து பத்திரப்படுத்தின புத்திசாலி, சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர், சுத்தியல், ரம்பம் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டார். ஆசிட் புகை பட்டு அத்தனையும் துருப்பிடித்துப்போனது. தரப் பரிசோதகர் அல்லவா, துருவை நன்றாகப் பரிசோதித்துவிட்டு ஆமா, துருதான் என்றார். பிறகு ஆசிட்டின் வேகத்தை அடக்க வேண்டும் என்று என் சமையல் சோடா முழுவதையும் தண்ணீரில் கரைத்து ஊற்றினார், அலசினார், மறுபடி அலசினார், வெடிப்புகளில் ஏதோ பசையை வைத்து அடைத்தார், தூசு உறிஞ்சினார். மறுபடி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டபோது தரை அதைச் சட்டென்று குடித்துவிட்டது. நீ பிறந்தபோதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தத்தை நான் பார்க்கவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

இனி பூச்சுதானே பாக்கி என்று நினைத்தேன். அதுதான் இல்லை, ஈரச் சோதனை ஒன்று இருக்கிறதாம். ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட வேண்டும், மறுநாள் பிரித்துப் பார்த்தால் அடியில் வேர்த்திருக்கக் கூடாது, வேர்த்திருந்தால் தரைக்குள் ஈரம் இருக்கிறது, பூச்சு நிற்காது. முதல் தடவை வேர்த்திருந்தது, சரி, அவ்வளவு தண்ணீர் ஊற்றினால் வேர்க்காமல் என்ன செய்யும். சில நாள் காயவிட்டு மறுபடி ஒட்டினார். அந்தத் தடவை நானும் கூட நின்று பார்த்தேன், தாள் எடுத்த இடம் பொட்டுகூட ஈரமில்லை, நன்றாகக் காய்ந்திருந்தது. இவர் துள்ளிக் குதிக்கப் போகிறார் என்று பார்த்தால் மனுஷர் பூச்சு டப்பாக்கள் பக்கம் போய் நின்றார். அதில் இரண்டு டப்பா, ஒன்றோடு ஒன்றைக் கலந்துவிட்டால் உடனே அடித்து முடித்துவிட வேண்டும், கலந்த பிறகு யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது. மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதுக்கும் இன்னொரு தடவை சோதிச்சுடறேன் என்றார். இன்னொரு தடவை ஒட்டினார், ஈரம். அதற்கு அடுத்த தடவையும் ஈரம். மழையும் இல்லை ஒன்றும் இல்லை, காய்ந்த தரைக்குத் திடீரென்று எங்கிருந்து வேர்க்கிறது என்று எனக்கே பயமாகிவிட்டது, அடியில் குழாய் ஏதும் உடைந்திருக்குமோ என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் தட்டிப் பார்த்தார், தண்ணீர் மீட்டரைப் பார்த்தார், ஒரு கசிவும் இல்லீங்கம்மா என்று சொல்லிவிட்டு என் குளியலறைக் குழாயைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். இந்தத் தரையால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

போன செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்திருந்தேன், தூக்கம் வரவில்லை, கொடியில் போட்ட துணியை எடுக்கலாம் என்று பின்பக்கமாக வந்தேன். ஷெட் கதவு பாதி திறந்திருந்தது. உன் அப்பா முட்டி போட்டு உட்கார்ந்து, குளியலறை மக்கில் இருந்து தண்ணீரைக் கையில் எடுத்துத் தரையில் தெளித்துக்கொண்டிருந்தார். குழந்தையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி உள்ளங்கையால் அதைத் தடவிவிட்டார், மேலே பிளாஸ்டிக் தாளை விரித்தார், டேப்பைப் பல்லால் கடித்து ஒட்ட ஆரம்பித்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, இனி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டலாம் என்று நினைத்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. யார் இது, கம்பெனி மேலாளரே பக்கத்தில் வந்து நின்று கையெழுத்துப் போடச் சொன்னபோதும் சோதனையில் தேறாத சரக்கைத் தேறினது என்று எழுத மாட்டேன் என்று சொல்லி, வர வேண்டிய பதவி உயர்வைக் கோட்டைவிட்டுவிட்டு வந்த மனுஷர். ஒரு நாளும் ஒரு சோதனையில் பொய் சொல்லாதவர், தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒளிந்துகொண்டு பொய்ச் சோதனை செய்கிறார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். திருதிருவென்று முழித்தார், தூசியா இருந்துது, அதான் என்றார். தாளின் ஒரு பக்கம் ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை அழுத்தி ஒட்டிவிட்டேன். மறுநாள் தரகர் வந்தபோது அப்பா தாளைப் பிரித்து ஈரத்தைக் காட்டி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார், நானும் என்னால் முடிந்த அளவுக்குத் தொங்கப் போட்டேன், அவர் மட்டும் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே போனார்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும், நீ படித்த பிள்ளை. அவருக்கு இந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. எனக்கும் இல்லை, என்னை யாரும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்கிறேன். அவர் வாயைத் திறந்து உன்னிடம் சொல்ல மாட்டார், ஏன் தெரியுமா, வைத்தியம் பார்க்கிற விஷயத்தில் ஒரு தடவை உன் பேச்சைக் கேட்கவில்லை என்று நீ கோபத்தில், அப்ப உங்க இஷ்டம்ப்பா, இனிமே எதுவும் என்கிட்ட கேக்காதீங்க என்று போனை வைத்தாய். நீ அதை மறந்திருப்பாய், மறுவாரமே சாதாரணமாகப் பேசினாய். அந்த ஒரு வாரம் இங்கே எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். மாட்டேன் என்று சொன்னால் பிள்ளை பேச்சை நிறுத்திவிடுவான் என்று அவருக்குப் பயம். உன்னிடம் இல்லை என்று சொல்ல தைரியம் இல்லாமல், சிமெண்டைச் சொல்ல வைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் தரகருக்கு நேற்று நானே போன் செய்து, இந்த வீடு விற்பனைக்கு இல்லை, சிரமத்துக்கு மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டேன். அப்போதும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். நீ பயப்படுகிறது நியாயம்தான், அதை நான் அலட்சியம் செய்யவில்லை. மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி போட ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது, எங்கள் படுக்கையையும் கீழ் அறைக்கு மாற்றிவிடுகிறேன். அந்த வேலையை அவரிடம் மட்டும் கொடுக்க மாட்டேன், கொடுத்தால் அடுத்த வருஷம் வரை கட்டில் ஹாலில் நிற்கும்.

தரகரிடம் நான் பேசினது அவருக்கு இன்னும் தெரியாது. அதை அவரிடம் நான் சொல்லக் கூடாது, நீதான் சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தேன்ப்பா, வீட்டை விற்க வேண்டாம் என்று உன் வாயால் வரட்டும். கோபம் வந்தால் என்மேல் காட்டு, நான் தாங்குவேன், எனக்கு உன்னைப் பெற்ற நாளில் இருந்து பழக்கம். மருமகளுக்கு என் அன்பைச் சொல், இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய் நொடி இல்லாமல், மனசு ஒத்து நீடூழி இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். மறக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே கூப்பிடு, தள்ளிப்போடாதே. நீ போனில் முகம்கூடக் காட்டுவதில்லை, வெறும் குரல்தான், ஆனாலும் நீ கூப்பிடுகிற நேரத்துக்கு முன்னால் அவர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, தலைசீவிக்கொண்டு வந்துதான் போன் பக்கத்தில் உட்காருகிறார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா