ஜூலிக்கு வாங்கிய வெள்ளைத் துணி

இன்று காலை காலி வீதி மருந்துக்கடையில் குழந்தைகளுக்குக் கட்டும் நப்பி ஒரு பக்கற் கேட்டேன். கடைப் பிள்ளை சிரித்துக்கொண்டே, "பேபிக்கு எத்தினை மாசம், அன்ரி?" என்றாள். "பதினைஞ்சு வயசு" என்றேன். அவள் விழித்த விழியைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இதை உமக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தபடி வீதியைக் கடந்தேன். பாதி வழியில்தான் நீர் இல்லை என்பது மண்டையில் உறைத்தது. பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டும்வரை அப்படியே நின்றேன். மாதக்கணக்கு ஆகிவிட்டது. எனக்கு இது இன்னமும் இப்போதுதான் வந்த செய்தி.

நப்பி ஜூலிக்குத்தான். ஓம், ஜூலி இருக்கிறாள். இன்றைக்கோ நாளைக்கோ என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தவள் இருக்கிறாள். அவளைத் தூக்கித் திரிந்த நீர் இல்லை. இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

நான் நாய் பூனையோடு ஒட்டும் ஆள் இல்லை என்பது உமக்குத் தெரியும். மேல்மாடியிலிருந்து உம்மிடம் தேத்தண்ணி குடிக்க வந்தால், உம்முடைய நாய்கள் ஏறிக் கிடந்த கதிரையைத் துடைத்துவிட்டுத்தான் இருப்பேன். "இஞ்ச பாரும், மயிர் ஒட்டினாச் சீலையைத் தோய்க்கலாம். இப்பிடிச் சுளிச்ச முகத்தை எங்க குடுத்துத் தோய்க்கிறது?" என்பீர். நான் சீலையைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணியை முடிப்பேன்.

ஜூலிக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு உம்முடைய வரவேற்பறை ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. திரைச்சீலைக் கம்பியில் சேலைன் போத்தல் தொங்கும். மிருக டொக்டரிடம் கேட்டுப் பழகிக்கொண்டு வந்து, தோலுக்கடியில் நீரே ஊசி ஏற்றுவீர். மற்றப் பக்கம் அவளுடைய மகன். கிழவனாகியும் அவன் பெயர் பப்பிதான். போன வருடம் ஓட்டோ ஒன்று இடுப்பில் அடித்ததிலிருந்து அவனுக்குப் பின்னங்கால்கள் இழுபட்டன. வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கி, அவனை நடத்திக்கொண்டு தாழ்வாரத்தில் போவீர். அதையெல்லாம் சகித்தேன். ஜூலிக்கு உப்பு ஆகாது என்று நீரும் உப்பில்லாத பூசணிக்காய்ச் சோறு தின்னத் தொடங்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய குளிசை ஒருநாளும் தவறாது. உம்முடைய பிரஷர் குளிசையை நான்தான் ஞாபகப்படுத்தவேண்டும்.

இந்தக் கிழமை தாண்டாது என்று டொக்டர் சொன்ன அன்று நீர் அழவில்லை. "ஊசி போட்டு அனுப்பமாட்டன். நோ இல்லாமல் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். பிறகு என்ர மடியில, தன்ர பாட்டில போகட்டும்" என்றீர். கொட்டாஞ்சேனையில் உம்முடைய மச்சாள் வீட்டின் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. தொடர்மாடியில் இருக்கிற எங்களுக்கு அது பெரிய சொத்து. அங்கே ஜூலியைக் குழி வெட்டித் தாழ்க்க அவளிடம் கேட்டு வைத்தீர். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போனீர்.

"வெள்ளைத் துணி, புதுசு, நல்லதாப் பாத்துத் தாங்கோ" என்றீர். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "வீட்டில ஆருக்கும் ஏலாதோ, அக்கா?" என்றார்.

"ஓம். மூத்த ஆள். இண்டைக்கோ நாளைக்கோ."

அவர் உடனே நெஞ்சில் கை வைத்தார். நல்ல துணியாகத் தேடி எடுத்தார். அக்காமாருக்குக் குடிக்க ஏதாவது வாங்குவிக்கட்டுமோ என்றுகூடக் கேட்டார். நான் சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து இரண்டு பேரும் பஸ் தரிப்பிடத்தில் இருந்து சிரித்த சிரிப்புக்கு, பக்கத்தில் இருந்த மனிசி எழும்பித் தள்ளிப் போனா.

அந்தக் கிழமையே, ஒரு காலை, பப்பி விடாமல் குரைத்தான். ஜூலி போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கி வந்தேன். வரும்போதே உமக்குச் சொல்ல ஆறுதல் வார்த்தைகளைத் தேடினேன். நீர் எனக்குத் தந்து வைத்திருந்த திறப்பால் கதவைத் திறந்தேன். முதலில் ஜூலியைத்தான் பார்த்தேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில், கஞ்சிக் கரண்டி கையில் இருக்க, சுவரில் சாய்ந்தபடி நீர். நித்திரை என்று நினைத்து, "ஏனப்பா, நிலத்தில?" என்று கேட்டுக்கொண்டே தொட்டேன். தொட்ட கையை அப்படியே வைத்திருந்தேன். எடுக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு யார் வந்தார்கள், யார் டொக்டரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. யாரோ தந்த தண்ணீரைக் குடித்தது மட்டும் ஞாபகம். தண்ணீர்க் கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பினால், உமக்கு மேல் வெள்ளைத் துணி. மடிப்புக்கூடக் கலையாத புதுத் துணி. பக்கத்து வீட்டுச் சனம் அலுமாரியைத் திறந்து தேடியிருக்கிறார்கள், மேல்தட்டிலேயே கிடந்திருக்கிறது.

"பாத்தீங்களோ? மனிசி எல்லாம் ஆயத்தமா வச்சிட்டுத்தான் போயிருக்கு" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். நீர் அதற்கடியில் கிடந்து சிரிப்பீர் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி நினைத்த என்னை நினைக்கவே பயமாக இருந்தது. கனடாவிலிருந்து உம்முடைய மகள் வந்து சேர்ந்ததும் அவளுக்கும் அதையே சொன்னார்கள். "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, அன்ரி. பயப்பிடாமப் போயிருக்கிறா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்தப் பிள்ளைக்குப் பற்றிப் பிடிக்க அது ஒன்றுதான் இருந்தது. நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

செத்தவீடு முடிந்தது. பிள்ளைக்கு லீவு முடியப் போகிறது, வீட்டைப் பூட்டவேண்டும். கிழ நாய்கள் இரண்டையும் யார் எடுப்பார்கள்? அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். மச்சாள் வீட்டில் நாயைத் தாழ்க்க இடம் இருந்தது, வளர்க்க இடம் இல்லை. கடைசியில் டொக்டரை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவளில் குற்றம் சொல்லாதேயும். அழுதழுதுதான் கூப்பிட்டாள். "அம்மா இல்லாமல் அதுகள் வதைபடக் கூடாது, அன்ரி."

டொக்டர், அந்த மெல்லிய சிங்களப் பிள்ளை, உமக்கு ஊசி ஏற்றப் பழக்கியவள், வந்து ஜூலியின் காதைத் தடவி, "அனே பவ்" என்று சிங்களத்தில் பாவப்பட்டாள். பையைத் திறந்தாள். பப்பி வாலை ஆட்டினான், பிஸ்கற் வருகிறது என்று. நான் கதிரையில் இருந்தேன். அன்று துடைக்காமலே இருந்திருக்கிறேன்.

"எப்பா, டொக்டர்!" என்று யாரோ கத்தினார்கள். சிங்களத்தில் வேண்டாம் என்று கத்தியது நான்தான். "எப்பா. ரெண்டும் என்ர வீட்டுக்கு வரட்டும்."

மகள் என்னைப் பார்த்தாள். டொக்டர் என்னைப் பார்த்தாள். எல்லோரையும் விடத் திகைத்துப்போய் இருந்தவள் நான். ஜூலிக்கு நோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இல்லை, களைப்புத்தான், நோ வந்தால் தானே சொல்வதாக டொக்டர் சொன்னாள். பையைப் பூட்டினாள். மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

இப்போது என் வீட்டுத் திரைச்சீலைக் கம்பியில் போத்தல் தொங்குகிறது. முதல்நாள் ஊசி ஏற்றும்போது ஜூலி சும்மா கிடந்தாள், எனக்குத்தான் தலை சுற்றியது. பப்பி மாலையில் கீழே வரும்போது உம்முடைய மாடியில் துவாயை இழுத்துக்கொண்டு நிற்கிறான். நான் வாசலைப் பார்க்காமல் அவனைக் கூட்டிப்போகப் பழகிவிட்டேன் என்று சொல்ல ஆசை. பழகவில்லை. மகள் கிழமைக்கு ஒருமுறை வீடியோவில் வந்து இரண்டையும் பார்க்கிறாள். அந்தத் துணியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. ஜூலி எப்படி இன்னும் இருக்கிறாள் என்று டொக்டருக்கே விளங்கவில்லை.

காலையில் லிப்ட் வேலை செய்யாத நாட்களில் ஜூலியை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்குகிறேன். பஞ்சு மூட்டை போலக் கனமே இல்லாமல் போய்விட்டாள். ஆனால் அவளுடைய நெஞ்சு என் விலாவில் டக்டக்கென்று அடிக்கிறது. ஒவ்வொரு படியிலும் அதைக் கேட்கிறேன். இது அல்ல, உம்முடையதுதான் நின்றது என்று ஒவ்வொரு நாளும் புதிதாய்த் திடுக்கிட்டு, அவளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.