முனியப்பனாகிப் போன உன் புத்தர்

இன்று மத்தியானம் பொன்மலைப் பட்டறையில் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும், புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவன் தூக்குச்சட்டியைத் திறந்தான். ஆட்டுக்கறி வாசனை ஷெட்டையே தூக்கியது. "எங்க ஊரு பாறை முனியப்பனுக்குக் கெடா வெட்டுங்கண்ணே, எடுத்துக்குங்க" என்றான். எந்த ஊர் என்று கேட்டேன். நாம் சைக்கிளில் போன அதே ஊர். எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. செத்துப் போயும் சொன்னதைச் சாதித்துவிட்டாயே, பாவி.

அன்றைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது நீதான். படிப்பகத்தில் எதையோ படித்துவிட்டு, புத்தர் புத்தர் என்று கறியைக்கூட விட்டிருந்தாய். பாறையில் அவரைச் செதுக்கியிருக்கிறார்கள், பார்த்தே ஆக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்தாய். புதுக்கோட்டை ரோட்டில் ஆளுக்கொரு சைக்கிள்.

"எட்டு இட்லியைத் தின்னுட்டு ஏப்பம் விடுற பிக்குவை இன்னைக்குத்தான்டா பாக்குறேன்" என்றேன்.

"பேசாம மிதிடா. அங்க வந்து பாரு, உன் வாய் தானா மூடும்."

மூடத்தான் செய்தது. குன்றடியில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. அதில் மூன்று பேர் சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பெரியவர். எனக்கே சத்தம் போட்டுப் பேசத் தோன்றவில்லை. நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாயைப் பிளந்து நின்றாய். அப்புறம்தான் அவர் நெஞ்சில் இருந்த சுண்ணாம்புக் குறியைப் பார்த்தோம். வெடி வைக்கப் போட்ட குறி. சுற்றிலும் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரியிடம் ஓடினாய். "இது புத்தருங்க, ஆயிரம் வருசத்துக்கு முந்தினதுங்க!"

"இருக்கட்டுங்க. யாரு வந்து கும்புடுறா? நாளைக்கு இந்தப் பாறைதாங்க."

கலெக்டருக்கு மனு எழுதுவேன் என்று கத்தினாய். உன் மனு போய்ச் சேருவதற்குள் உன் புத்தர் ஜல்லியாகி ரயில் பாதைக்கு அடியில் கிடந்திருப்பார். நான் ஊருக்குள் போய் மஞ்சளும் குங்குமமும் எலுமிச்சம்பழமும் ஒரு சிவப்புத் துணியும் வாங்கி வந்தேன். நடுவில் இருந்தவருக்குப் பூசி, கட்டி, முனியப்பன் என் மேல் இறங்கின மாதிரி ஒரு கூச்சல் போட்டு ஆடினேன் பார். "எவன்டா என் மார்ல சுண்ணாம்பு தடவுனவன்?" என்றதும் மேஸ்திரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்தான். "தெரியாம செஞ்சுட்டேன் சாமி" என்று தன் கையாலேயே குறியைத் துடைத்தான். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நீ சிரிக்கவில்லை. திரும்புகிற வழியில் சைக்கிளை நிறுத்தினாய். "நாளைக்கு அவருக்கு ஆடு வெட்டுவானுங்கடா. கொல்லாதேன்னு சொன்னவருடா அவரு. வெடி வச்சிருந்தா கல்லா போயிருப்பாரு. நீ அவரையே இல்லாம பண்ணிட்டே."

"வெட்டுனா வெட்டட்டும்டா. ஆளு முழுசா இருக்காருல்ல?"

அவ்வளவுதான். அதன்பின் நீ என்னோடு பேசவில்லை. ஒரே ஷெட், ஒரே தண்ணீர்ப் பானை. எத்தனை கிண்டல் செய்திருப்பேன்! கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாய், பெரிய புத்தன் மாதிரி. கொல்லாதே என்றவர் கூட்டாளியிடம் பேசாதே என்றும் சொன்னாரா? எந்தப் புத்தகத்தில் படித்தாய் அதை?

இன்றைக்கும் சொல்கிறேன், நான் செய்ததுதான் சரி. அந்தக் குன்று முழுக்க ஜல்லியாகிப் போய்விட்டது. பள்ளத்துக்கு நடுவில் அந்த ஒரு பாறைதான் நிற்கிறது. கெடா வெட்டுகிறார்கள், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்றைக்காவது உன்னை மாதிரி ஒரு பைத்தியம் வந்து மஞ்சளைக் கழுவிப் பார்த்தால், அடியில் அவர் இருப்பார்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் நீ கிடந்ததே எனக்குத் தெரியாது. உன்னை எடுத்த பிறகுதான் எனக்குச் சொல்ல ஆள் வந்தது. உன் பெண்சாதி, என் தங்கச்சி மாதிரிதானே, அழுதுகொண்டே சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் வயிற்றுவலிக்கு வந்திருந்த ஆள் அந்த ஊராம். "அந்தப் பாறை இருக்கா?" என்று கேட்டாயாம். "இருக்குங்க, அதுல யாரு கை வைப்பா?" என்றாராம். நீ சிரித்தாயாம், நோவையும் மறந்து, நெடுநேரம். "அண்ணனைக் கூட்டியாறச் சொல்லட்டுமா?" என்று அவள் கேட்டதற்கு மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாயாம்.

அந்தச் சிரிப்பு எனக்குச் சேர வேண்டியதுடா. எவனோ ஒரு வயிற்றுவலிக்காரன் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.