டிலெத்தா என்று கூப்பிட

லுச்சேரா,
12 அக்டோபர் 1961

அன்புத் தங்கை லெத்தீசியாவுக்கு அக்கா அத்தோலொராத்தா எழுதுவது.

தூரினில் குளிர் தொடங்கியிருக்கும். பிள்ளை பெற்ற உடம்பு, தலையில் துணி கட்டிக்கொள். இங்கே குழந்தைகள் மூவரும் சுகம். சின்னவன் ரொக்கோவுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பெண் பிறந்திருக்கிறாள் என்ற வரியைப் படித்துச் சிரித்தேன். அடுத்த வரியில் பெயர் இருந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மாவு பிசையப் போனேன். அன்று ரொட்டி கல்லாக வெந்தது. உன் அத்தான் அதைச் சூப்பில் நனைத்துச் சாப்பிட்டார்.

எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைத்து வாழ்த்து எழுத எனக்கு வரவில்லை.

டிலெத்தா. பிரியத்துக்குரியவள் என்று அர்த்தம். டாக்டர் மனைவி, அந்த புளோரன்சுக்காரி, தன் அக்காவுக்காகப் பெயர் தைத்துத் தரச் சொன்ன கைக்குட்டையில்தான் அதை முதலில் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக நான் நூலால் தைத்த பெயர் அது. நகராட்சி எழுத்தரிடம் போய் விசாரித்தவளும் நான்தான். "அப்படி ஒரு பேரு நம்ம ஊர்ப் பதிவுல ஒண்ணுகூட இல்லம்மா. கார்மேலான்னா சொல்லு, முந்நூறு பேரைக் காட்டுறேன்" என்றார். இந்த ஊரில் யாரும் தொடாத பெயர் என்று பூரித்துப் போனேன். உன் ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன்.

முதல் பெண்ணுக்கு மாமியார் பெயர், பிலொமெனா. நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "பெத்துக் குடுக்கிறது உன் வேலை, பேரு வைக்கிறது என் வேலை." இரண்டாமவளுக்கு நம் அம்மா பெயர், அசுந்தா. மூன்றாவதும் பெண்ணானால் யாருக்கும் உரிமை இல்லை, என் இஷ்டம். பையன் பிறந்தான். முதல் பையன் என்பதால் மாமனார் பெயர் அவனுக்கு முன்பே தயாராக இருந்தது. இனிப் பிள்ளை கூடாது என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும்.

"உனக்குத்தான் இனிமே அது தேவைப்படாதே அக்கா" என்று எழுதியிருக்கிறாய். நான் போட்டுக் கழித்த சட்டையா அது?

மூத்தவள் என்பதால் எனக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர் வந்தது, துயருற்றவள் என்று அர்த்தம். உனக்கு அம்மாவைப் பெற்றவளின் பெயர், மகிழ்ச்சி என்று. வழக்கம் அப்படி, யார்மேலும் குற்றமில்லை. ஆனாலும் உன்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சின்ன வயதிலேயே எனக்குப் பொறாமை வரும். இப்போது மாமியாரும் உனக்கு அப்படியே வாய்த்திருக்கிறார். "உங்க குழந்தை, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாராமே. அதற்கும் சேர்த்துத்தான் பொறாமைப்படுகிறேன்.

22-ஆம் தேதி ஞானஸ்நானம், உன் நாத்தனார் ஞானத்தாயாக நிற்கிறாள் என்கிறாய். நான் வரமாட்டேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

நாத்தனாரிடம் என்ன சொல்வாயோ சொல். அவளுக்கு அடுத்த பிள்ளையைக் கொடு. 20-ஆம் தேதி வெள்ளிக்கிழமை நான் ரயில் ஏறுகிறேன். ஞானத்தாயாகக் குழந்தையை ஏந்தி நிற்பவளிடம்தான் சாமியார் பெயர் கேட்பார். பதில் என் வாயிலிருந்து வரட்டும், லெத்தீசியா. ஏழு வருடமாக வைத்திருந்தும் அந்தப் பெயரைச் சொல்லி நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

அவள் நன்றாக இருப்பாள். என் வயிற்றெரிச்சல் அவளை அண்டாது.

உன் அக்கா,
அத்தோலொராத்தா